டர்போ எஞ்சினும் எக்செல் தாளும்: கட்டத்தில் உள்ள எண்ணுக்கு ஆதாரம் எங்கே?



மெக்கானிக் வேலைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று சிறிய கார்களிலும் டர்போ பெட்ரோல் எஞ்சின் வருகிறது. டீசல் கார்களிலோ டர்போ இல்லாததைக் காண்பது அரிது. இந்த எஞ்சின்களை நடத்துவது ஈ.சி.யூ. என்ற சிறிய கணினி. அதற்குள் இருக்கும் எண்களைத் திருத்தும் வேலையைத்தான் ‘ரீமேப்’ என்றும் ‘டியூனிங்’ என்றும் சொல்கிறார்கள். இதைத் தொழிலாகக் கற்க விரும்பும் வாலிபர்களுக்காகவும், அவர்களை நம்பிக் காரை ஒப்படைக்கும் குடும்பங்களுக்காகவும் இந்தப் பாடம். எட்டாம் வகுப்புக் கணக்கும், எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கும் தெரிந்தால் போதும்.

மேப் என்பது என்ன?

பெயர்தான் மேப், உண்மையில் அது ஓர் அட்டவணை. மேல்வரிசையில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்ற எண்கள். பக்க வரிசையில் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்ற எண்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் உத்தரவு இருக்கும். எரிபொருளுக்கு ஓர் அட்டவணை, ஸ்பார்க் பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்பதற்கு ஒன்று, டர்போ அழுத்தத்துக்கு ஒன்று என்று பல உண்டு. எஞ்சின் இரு கட்டங்களுக்கு நடுவே ஓடினால், ஈ.சி.யூ. அக்கம்பக்கத்து எண்களை விகிதப்படி கலந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு கட்டத்தில் பிழை இருந்தால் அதன் அண்டைக் கட்டங்களுக்கும் அது பரவும்.

டர்போ, புகையின் வேகத்தால் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் குறைந்தாலோ, பொறி முந்தினாலோ, எரியாமல் மீதமிருக்கும் கலவை தானாக வெடித்து பிஸ்டனைச் சுத்தியல்போல் அடிக்கும். இதுவே ‘நாக்கிங்’. டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது இது சில நொடிகள் நீடித்தாலே பிஸ்டன் உடைந்துபோகலாம். தவறான ஓர் எண்ணின் விலை ஓர் எஞ்சின்!

ஓர் உதாரணம்: சுபாரு

ஜப்பானின் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். டர்போ கார்களில் பலவற்றின் அட்டவணைகளை ரோம்ரெய்டர் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளில் பார்க்கவும் திருத்தவும் முடியும். வண்டி ஓடும்போது சென்சார்கள் சொல்வதை வரி வரியாகப் பதிவும் செய்யலாம். அந்தப் பதிவு ஃபைல் நேராக எக்செல்லில் திறக்கும்.

இந்த எஞ்சினில் காற்றை அளப்பது ‘மாஃப்’ சென்சார். காற்று கூடக்கூட அது அனுப்பும் வோல்ட் கூடும். இத்தனை வோல்ட் என்றால் நொடிக்கு இத்தனை கிராம் காற்று என்று ஈ.சி.யூ.வில் ஓர் அட்டவணை உண்டு. ஒருவர் கம்பெனி ஏர் ஃபில்டர் குழாயை எடுத்துவிட்டு வேறு அளவுக் குழாயை மாட்டினால், அந்த அட்டவணை பொய் சொல்லத் தொடங்கும். அதைச் சரிசெய்வதே நம் கணக்கு.

கணக்கு 1: மெதுவாக ஓட்டும்போது

சாதாரண ஓட்டத்தில் ஈ.சி.யூ. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுத் தானே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அப்படி எத்தனை சதவீதம் திருத்தியது என்பதும் பதிவில் இருக்கும். கணக்குக்காக, 2.00 வோல்ட் கட்டத்தில் 18 கிராம் என்று இருப்பதாகவும், சராசரித் திருத்தம் +6 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது, அட்டவணை சொன்னதைவிட 6 சதவீதம் அதிகக் காற்று வந்திருக்கிறது. புதிய எண் 18 × 1.06 = 19.08.

கணக்கு 2: முழு அழுத்தத்தில்

ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் ஈ.சி.யூ. இப்படித் திருத்திக்கொள்வதை நிறுத்திவிட்டு அட்டவணையை மட்டுமே நம்பும். இங்கே வைட்பேண்ட் என்ற தனி சென்சாரை மாட்டி நாமே அளக்க வேண்டும். நாம் கேட்ட காற்று-பெட்ரோல் விகிதம் 11.5, அளந்து பார்த்ததில் 12.1. பெட்ரோல் போதவில்லை. அளந்ததைக் கேட்டதால் வகுத்தால் 12.1 ÷ 11.5 = 1.052. அந்தக் கட்டத்தில் 130 கிராம் இருந்தால், புதிய எண் ஏறத்தாழ 136.8.

தாளை அமைக்கும் முறை

1. காரிலிருந்து எடுத்த மூல ஃபைலை முதலில் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். திருத்தமெல்லாம் நகலில் மட்டும்.

2. ஆக்சிலரேட்டர் திடீரென ஏறி இறங்கும் வரிகளை வடிகட்டி நீக்குங்கள். புகை சென்சாரை அடையச் சற்று நேரமாகும்; அதனால் அந்த வரிகளில் ஒரு கணத்தின் காற்றும் வேறொரு கணத்தின் புகையும் ஜோடி சேர்ந்திருக்கும்.

3. ஒவ்வொரு வோல்ட் கட்டத்துக்கும் ஆவரேஜ்இஃப்ஸ் ஃபார்முலாவால் சராசரி எடுங்கள். 2.00 கட்டத்துக்கு 1.95 முதல் 2.05 வரை உள்ள வரிகள் என்பதுபோல எல்லை வையுங்கள்.

4. அதன் பக்கத்திலேயே கவுண்ட்இஃப்ஸ் ஃபார்முலாவால், அந்தச் சராசரி எத்தனை வரிகளிலிருந்து வந்தது என்று எண்ணுங்கள். இந்தப் பத்தி இல்லாத தாளை நம்பாதீர்கள்.

5. பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே கிராஃபில் போடுங்கள். கோடு சீராக ஏற வேண்டும். நடுவில் மேடு பள்ளம் தெரிந்தால் எஞ்சினைச் சந்தேகிக்கும் முன் உங்கள் கணக்கைச் சந்தேகியுங்கள்.

சராசரி ஏமாற்றும் இடம்

பெட்ரோல் கணக்குக்குச் சராசரி நல்லது. நாக்கிங் கணக்குக்கு அது ஆபத்து. நாக்கிங் கேட்டால் ஈ.சி.யூ. பொறியைச் சில டிகிரி பின்தள்ளும். 10 வரிகளில் ஒன்பதில் 0, ஒன்றில் −4 டிகிரி என்றால் சராசரி −0.4. பார்ப்பவர் ஒன்றுமில்லை என்று கடந்துவிடுவார். ஆனால் பிஸ்டன் சராசரியைப் பார்த்து உடைவதில்லை. அந்த ஒரு அடியில் உடைகிறது. ஆகவே நாக்கிங் பத்தியில் மின்இஃப்ஸ் ஃபார்முலாவைப் போட்டு, இருப்பதிலேயே மோசமான எண்ணைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. அன்றாட ஓட்டத்தில் கீழ்க்கட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் வரிகள் சேரும். முழு அழுத்தத்துக் கட்டங்களுக்கோ இரண்டு மூன்றுதான் கிடைக்கும். எங்கே ஆபத்து அதிகமோ அங்கே ஆதாரம் குறைவு. எக்செல் இந்த வேறுபாட்டைத் தானாகச் சொல்லாது. 3 வரிகளின் சராசரியையும் 3,000 வரிகளின் சராசரியையும் ஒரே அழகில் அச்சிடும். வெற்றுக் கட்டத்தை மவுஸால் இழுத்து நிரப்பவும் இடம் கொடுக்கும். அளக்காத கட்டத்துக்கு அளந்ததுபோல் எண் எழுதுவது, எண்ணிப் பார்க்காத பணத்துக்கு ரசீது கொடுப்பது போன்றது.

அலகில் கவனம்

14.7 என்ற எண் இரண்டு இடங்களில் வரும். தூய பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. கடல்மட்டத்தில் காற்றழுத்தமும் 14.7 பி.எஸ்.ஐ. இரண்டுக்கும் உறவில்லை, தற்செயல். அதேபோல் பூஸ்ட் மீட்டர் 1.2 பார் காட்டினால், வெளிக்காற்றையும் சேர்த்து உள்ளே இருப்பது சுமார் 2.2 பார். அட்டவணை எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள். நம் நாட்டில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த 14.7, சுமார் 13.5 ஆகிவிடும். எனவே விகிதத்தை லாம்டா அளவில் எழுதுவது பாதுகாப்பு. எந்த எரிபொருளானாலும் சரியான கலவைக்கு லாம்டா 1 தான்.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் காரையோ மகனின் காரையோ ரீமேப் செய்யக் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். மூல ஃபைலின் நகலை எங்களிடம் தருவீர்களா? திருத்தும் முன்னும் பின்னும் எடுத்த பதிவுகளைக் காட்டுவீர்களா? முழு அழுத்தத்தில் நாக்கிங் எவ்வளவு இருந்தது? வாரண்டியும் இன்சூரன்ஸும் என்னவாகும்? பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதையும் நினைவில் வையுங்கள். ‘பவர் கூடும், கவலைப்படாதீங்க’ என்பது இவற்றில் எதற்கும் பதிலாகாது.

பிள்ளைகளே, முழு வேக ஓட்டத்தைப் பொதுச்சாலையில் பதிவு செய்யாதீர்கள். அதற்கு டைனோ இயந்திரம் இருக்கிறது. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுவது எந்த நாட்டிலும் கல்வியாகாது.

பயிற்சி

2.40 வோல்ட் கட்டம்: 30.0 கிராம், சராசரித் திருத்தம் +4 சதவீதம், வரிகள் 84.
2.50 வோல்ட் கட்டம்: 33.0 கிராம், சராசரித் திருத்தம் +11 சதவீதம், வரிகள் 3.
புதிய எண்கள் என்ன?

விடை: முதல் கட்டத்துக்கு 31.2. இரண்டாவதற்கு 36.6 என்று எழுதியவர்களுக்குப் பெருக்கல் சரியாக வருகிறது. 33.0ஐ அப்படியே விட்டு, ‘இன்னும் பதிவு தேவை’ என்று பக்கத்தில் குறித்தவர்களிடம் நம் காரை நம்பி ஒப்படைக்கலாம்.