துருகத்து நீரும் சத்தியவேட்டுக் கல்லும்

சென்னைக்கு வடமேற்கே, ஆந்திர மாநிலத்தின் திருப்பதி மாவட்டத்தில் சத்தியவேடு அமைந்துள்ளது. அதன் வடமேற்கில் காடு சூழ்ந்த மலைத்தொடர் ஒன்று எழுகின்றது. அத்தொடரின் உயர்ந்த முடி கம்பாக்கத் துருகம். உயரம் ஏறத்தாழ 2,500 அடி. இமயத்தை அறிந்தோர்க்கு இது சிறு குன்றாகத் தோன்றலாம். ஆயினும் கிழக்கே கடற்கரை வரை தாழ்ந்த சமவெளியே உள்ளமையால், தொலைவிலிருந்தே இது ஓங்கித் தெரியும்.

பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'பாக்கம்' என்பது ஊரைக் குறிக்கும் தமிழ்ச்சொல். 'துருகம்' என்பது மலைக்கோட்டையைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம்; தெலுங்கர் 'துர்கம்' என்பர். இவ்வட்டாரத்தில் இரு மொழிகளும் வழங்குவதில் வியப்பில்லை. சத்தியவேடு முன்னர்ச் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று அது ஆந்திரத்தோடு இணைந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. உங்களுள் பலர் பெற்றோரின் பணி காரணமாக வேறு மாநிலம் சென்று தமிழ் கற்கிறீர்கள். சத்தியவேட்டுத் தமிழரோ ஊரை விட்டு எங்கும் செல்லவில்லை; எல்லைதான் இடம் மாறியது.

மலைநீர் அவ்வெல்லையைப் பொருட்படுத்துவதில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து வீசி மலையில் மோதுகின்றது. கிழக்குச் சரிவில் உப்பலமடுகு அருவி பெருகுகின்றது; மக்கள் இதனைத் தடா அருவி என்பர். பாறைகளுக்கிடையே உள்ள மடுக்கள் ஆழமானவை. மழைக்காலத்தில் நீர் திடீரென உயரும். எனவே நீந்தத் தெரிந்தவரும் அங்கு இறங்குதல் தகாது. தென்மேற்கில் ஆரணியாறு பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தை நிரப்பி, சுருட்டப்பள்ளியைக் கடந்து, ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுள் நுழைந்து, பழவேற்காட்டு ஏரியை அடைகின்றது. அவ்வேரியின் கரையும் இரு மாநிலங்களுக்கும் உரியது.

சத்தியவேட்டை அடுத்த தாழ்குன்றுகள் வேறு வகையின. அங்கே உருண்ட கூழாங்கற்கள் மணலோடு ஒட்டிப் பாறையாகத் திரண்டுள்ளன. உடைந்த கல் கூர்முனை உடையது. நீரில் நெடுந்தொலைவு உருண்ட கல்லே மழமழப்பாகும். ஆகவே பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு ஆறுகள் ஓடின என்பது தெளிவு. நிலவியலார் இப்பாறைத் தொகுதிக்குச் சத்தியவேட்டின் பெயரையே சூட்டினர். இத்தகைய குவார்ட்சைட் கற்களால் ஆதிமனிதர் கைக்கோடரி செய்தனர். திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த அக்கருவிகளுள் பழமையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

சொற்பொருள்
முடி – சிகரம்; மடு – ஆற்றில் நீர் ஆழ்ந்து நிற்கும் இடம்; திங்கள் – மாதம்

பயிற்சி
1. சத்தியவேட்டுக் கூழாங்கற்கள் உருண்டையாக இருப்பது ஏன்?
2. ஆரணியாற்றின் வழியை வரைபடத்தில் குறிக்க.
3. நீவிர் வாழும் ஊருக்கு அருகிலுள்ள மலையின் பெயர் எம்மொழிச் சொற்களால் ஆனது? பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.