அறைக்குள் ஒரு வான்வழி

நுழையும்முன்

போலச் செய்தல் மனிதரின் தொன்மையான கற்றல்முறை. சிற்றில் கட்டி மணற்சோறு ஆக்கும் சிறுவர் முதல் விமானம் ஓட்டப் பயில்வோர் வரை எல்லாரும் அவ்வழியில் கற்கின்றனர். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவோரின் திரையில், அதே நேரத்தில் வானில் செல்லும் உண்மையான விமானங்களும் இன்று தோன்றுகின்றன. அவை அங்கு வரும் வழியையும் அவை கற்பிப்பதன் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

வெற்று வானம்

1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் விமானப் பயிற்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். அவருடைய தந்தை இசைக்கருவித் தொழிற்சாலை நடத்தியவர். ஆர்கன் என்னும் இசைக்கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே லிங்க் தம் கருவியைச் சாயவும் திரும்பவும் செய்தார். 1982இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஃப்ளைட் சிமுலேட்டர் என்னும் பாவனை மென்பொருள் தனிக்கணினிக்கு வந்தது. இரண்டிலும் பயில்பவர் தனித்தே பறந்தார். விமானத்தை நிலைகுலையாமல் செலுத்தும் கைப்பழக்கம் அதனால் வாய்த்தது. வானத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் பழக்கம் வாய்க்கவில்லை.

அப்பழக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதை 1996 நவம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த விபத்து காட்டும். அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே, தில்லியிலிருந்து புறப்பட்ட சவுதி விமானமும் தில்லிக்கு வந்துகொண்டிருந்த கசகசுத்தான் விமானமும் மோதின. 349 பேர் உயிரிழந்தனர். 15,000 அடி உயரத்தில் நிற்க வேண்டிய விமானம் அதற்கும் கீழே இறங்கியது விசாரணையில் தெரியவந்தது. மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது இவ்விபத்திற்குப் பின்னரே.

அலைவழி வரும் செய்தி

விமானம் ஒன்று தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழிகாட்டியால் அறிந்து, அதனை உயரம், வேகம், அடையாள எண் ஆகியவற்றோடு ஓயாது ஒலிபரப்புகிறது. ஏடிஎஸ்-பி எனப்படும் இம்முறை 1090 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. செய்தி மறைகுறியாக்கப்படுவதில்லை, ஆதலால் சிறிய அலைவாங்கி வைத்திருக்கும் எவரும் அதைப் பெறலாம். 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்தின் செய்தி, தடையில்லாத இடத்தில் ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவு வரை எட்டும். வீட்டு மாடிகளில் ஆர்வலர்கள் நிறுவிய இத்தகைய வாங்கிகளின் வலைப்பின்னலிலிருந்தே, 2006இல் சுவீடனில் தொடங்கிய ஃப்ளைட்ரேடார்24 போன்ற சேவைகள் வளர்ந்தன. 2020 ஆகஸ்டில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ஃப்ளைட்அவேர் என்னும் நிறுவனத்தின் தரவைக் கொண்டு நிகழ்நேர விமானங்களைத் திரையில் காட்டியது.

இவ்வரவால் விளைந்த பயன் யாது? இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தைக் கொண்டு இதை விளக்கலாம். அங்கே இணையான இரண்டு ஓடுபாதைகள் உள்ளன. எதிர்காற்றில் இறங்குவதே விமானத்திற்கு ஏற்றது. எனவே காற்றின் திசையை மட்டும் அறிந்த மென்பொருள், கீழைக்காற்று சிறிதே வீசினாலும் தான் படைத்த விமானங்களைக் கிழக்கு நோக்கி இறக்கிவிடும். ஹீத்ரோவின் நடைமுறையோ வேறு. நகரின்மேல் புறப்பாட்டு இரைச்சல் குறைய வேண்டும் என்பதற்காக, பின்காற்று மணிக்கு ஏறத்தாழ 9 கி.மீ. வரை இருந்தாலும் மேற்கு நோக்கிய இயக்கமே தொடர்கிறது. மேலும், மேற்கு நோக்கி இயங்கும் நாள்களில் இறங்கும் பாதை பிற்பகல் 3 மணிக்கு மாற்றப்படுகிறது. பாதையின்கீழ் வாழ்வோர்க்கு அரைநாள் அமைதி கிடைக்க வேண்டும் அல்லவா? அலைவழி வரும் தரவு இம்முடிவுகளைச் சுமந்து வருகிறது. காற்றியல் கணக்கு மட்டும் அறிந்த கணினி தானே படைக்க இயலாதவை இவை.

உயரத்தின் சிக்கல்

தரவை அப்படியே திரையில் வைத்தால் விந்தையான பிழைகள் தோன்றும். ஏடிஎஸ்-பி செய்தியில் வழக்கமாக வரும் உயரம் காற்றழுத்தத்தைக்கொண்டு அளக்கப்படுவது. எல்லா விமானங்களும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்னும் ஒரே அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டு இவ்வுயரத்தை அறிவிக்கின்றன. அளவுகோல் ஒன்றே ஆதலால் இரு விமானங்களுக்கு இடையே உள்ள உயர வேறுபாடு சரியாகவே கிடைக்கும். ஆனால் தரைக்கு மேல் உள்ள உயரம் அவ்வாறன்று. ஓரிடத்தின் கடல்மட்ட அழுத்தம் 1003ஆகக் குறைந்த நாளில், ஓடுபாதையைத் தொடும் விமானம் திரையில் ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் மிதக்கும்! அவ்விடத்து அழுத்தத்தைக் கணக்கிட்டு மென்பொருள் இதைத் திருத்த வேண்டும். செய்திகளுக்கு இடைப்பட்ட நொடிகளையும் ஊகித்து நிரப்ப வேண்டும். இல்லையேல் விமானம் தாவித்தாவிச் செல்லும்.

செவிசாயாத விமானங்கள்

தரவு எவ்வளவு துல்லியமாயினும் ஒரு குறை நீங்குவதில்லை. திரையில் தெரியும் விமானத்தின் உண்மையான விமானி, அறையில் அமர்ந்து பழகுபவரை அறியார். குறுக்கே சென்றாலும் அவர் விலகமாட்டார். பழகுபவரின் விமானம் ஓடுபாதையை அடைத்து நின்றாலும் அவர் அதன்மீதே இறங்குவார். பழகுபவர் பிறரைக் கண்டு ஒதுங்கக் கற்கலாம். பிறர் தம்மைக் கண்டு ஒதுங்குவதை, தாம் சொன்ன சொல்லுக்கு மறுமொழி வருவதை அங்கே காண இயலாது.

அக்குறையை வேறொரு வழி நிறைக்கிறது. 2001இல் தொடங்கிய வாட்சிம் என்னும் இணைய வலையமைப்பில் பறப்போரும் மனிதர். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக அமர்வோரும் ஊதியம் பெறாத தன்னார்வலர். அங்குள்ள விமானங்கள் எவையும் உண்மையில் பறப்பவை அல்ல. எனினும், ஓடுபாதை முனையில் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்க வேண்டும். சொன்ன உயரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் திருத்தும் குரல் உடனே ஒலிக்கும். உயரத்தைத் திருப்பிச் சொல்லும் இச்சிறு ஒழுங்கே, மெய்யான வானில் பல உயிர்களைக் காப்பது.

இவ்விரு வசதிகளையும் ஒருங்கே பயன்படுத்தலாமே எனத் தோன்றலாம். ஆனால் வாட்சிமில் இணைவோர் நிகழ்நேர விமானங்களை நிறுத்திவிட்டே பறக்கின்றனர். தன்னார்வலர் ஒருவர் ஓடுபாதையை அவர்களுக்கு ஒதுக்கித் தரும்போது, ஹீத்ரோவில் மெய்யாகவே இறங்கும் விமானம் அந்த ஆணையைக் கேளாமல் அதே பாதையில் வந்து நிற்கும்.