ஆப்பிள் மஃபினும் மேல்தூவலும்: இரண்டாந்தரப் பழத்தை வீட்டில் உபயோகிக்கும் முறை

பழத்தோட்டம் உடையவருக்கு நஷ்டம் உண்டாவது மரம் காய்க்காமையால் மட்டுமன்று. காய்த்த பழம் சந்தையில் தரம் இறங்குவதாலும் நஷ்டம் உண்டாகிறது. கால் மணி நேரம் ஆலங்கட்டி மழை பெய்தால், மரத்திலுள்ள பழங்களின் தோலில் தழும்பு விழுகிறது. பூப்பருவத்தில் உறைபனி பட்டால், பிஞ்சின் தோலைச் சுற்றிச் சொரசொரப்பான வளையம் உண்டாகி, பழம் முதிர்ந்த பின்னும் மறையாமல் நிற்கிறது. இப்பழங்களின் சதையில் யாதொரு குற்றமும் இல்லை. ஆயினும் முதல்தரப் பழத்தின் விலை இவற்றிற்குக் கிடைப்பதில்லை. இத்தகைய பழத்தை வீட்டிலேயே பக்குவம் செய்து பயன்பெறும் வழிகளுள் ஒன்று ஆப்பிள் மஃபின் என்னும் சிற்றப்பம். அது வழங்கும் தேசத்தில் பழக்குடியானவர்கள் அதனை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதும், அதன் செய்முறையும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

நியூயார்க் ராஜ்யமும் ஆப்பிளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆப்பிள் விளைவில் வாஷிங்டன் ராஜ்யம் முதலாவதாகவும், நியூயார்க் ராஜ்யம் அதற்கு அடுத்ததாகவும் விளங்குகின்றன. நியூயார்க்கில் ஒன்டாரியோ ஏரியின் தென்கரையிலும், ஹட்சன் நதியின் பள்ளத்தாக்கிலும், சாம்ப்ளேன் ஏரியை அடுத்தும் பெருந்தோட்டங்கள் இருக்கின்றன. ஏரி நீர் வசந்த காலத்தில் எளிதில் சூடேறாது. அதன்மேல் வீசும் குளிர்காற்று கரையோர மரங்களை விரைவில் பூக்கவிடாமல் தாமதப்படுத்துகிறது. அதனால் பூக்கள் பெரும்பாலும் உறைபனிக்குத் தப்புகின்றன. எனினும் இக்காவல் எப்பொழுதும் பலிப்பதில்லை. 2012-ம் வருஷம் மார்ச்சு மாதத்திலேயே அகாலமான வெப்பம் உண்டாகி மரங்கள் முன்கூட்டிப் பூத்தன. ஏப்ரலில் உறைபனி விழுந்தது. அவ்வருஷம் அந்த ராஜ்யத்தின் ஆப்பிள் விளைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அத்தகைய வருஷத்தில் தழும்புள்ள பழத்தையும் வீணாக்காமல் பயன்படுத்துவதன் அவசியம் சொல்லாமலே விளங்கும்.

1976-ல் ஆப்பிள் அந்த ராஜ்யத்தின் பழமாகச் சட்டமூலம் ஏற்கப்பட்டது. பின்னர் வடக்கு சிரக்யூஸ் என்னும் ஊரின் தொடக்கப் பள்ளிச் சிறுவர்கள் செய்த முயற்சியின் பயனாக, 1987-ல் ஆப்பிள் மஃபின் அந்த ராஜ்யத்தின் மஃபினாக அங்கீகரிக்கப்பட்டது. அச்சிறுவர்களின் செய்முறையிலும் மேல்தூவல் உண்டு.

இங்கிலாந்தில் மஃபின் என்பது ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்துக் கல்லில் சுடும் தட்டையான ரொட்டியாகும். அமெரிக்க மஃபின் அதனின் வேறு. அது கரைத்த மாவைக் குழித்தட்டில் ஊற்றி, ஓவன் அடுப்பில் வேகவைத்த சிற்றப்பம். அதன்மேல் மாவு, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் பிசறி உதிரியாகத் தூவுவது ஜெர்மானியர் வழக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் பாஷையில் அதற்கு ஸ்ட்ரோய்சல் என்று பெயர். 'தூவியது' என்பது அதன் பொருள்.

சாம்பலிலிருந்து பிறந்த உப்பு

ஈஸ்ட் இன்றி மாவு உப்புவதற்குக் காரணமான பொருளின் வரலாறு விவசாயிகளுக்கு ருசிகரமானது. அமெரிக்காவில் குடியேறியவர்கள் காட்டை வெட்டி நிலமாக்கியபோது, மரங்களை எரித்த சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்து, அவ்வடிநீரைக் காய்ச்சிப் பொட்டாஷ் எடுத்தனர். புது நிலத்தில் பயிர் விளைவதற்கு முன்னரே அவர்களுக்குக் கைப்பணம் தந்த சரக்கு அதுவே. பொட்டாஷும் அதனைச் சுத்தி செய்த வெள்ளுப்பும் தயாரிக்கும் முறைக்காகவே, 1790 ஜூலை 31-ல் அந்நாட்டின் முதல் காப்புரிமை சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு வழங்கப்பட்டது. 1796-ல் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் நூலில், மாவை உப்பச் செய்ய அவ்வெள்ளுப்பு உபயோகிக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் அதன் இடத்தைப் பெற்றன. இவையெல்லாம் செய்யும் வேலை ஒன்றே: புளிப்புடன் சேர்ந்து கரியமிலவாயுவை வெளிப்படுத்துவது. அவ்வாயுவே மாவில் நுண்ணிய கண்களை உண்டாக்குகிறது.

இலாகாவும் இல்லத்தரசிகளும்

நியூயார்க்கில் பண்ணை வீட்டுச் சமையல் சீர்பெற்றதில் விவசாயக் கல்விக்கும் பங்கு உண்டு. இதாகா நகரிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையில் 1900-ல் மார்த்தா வான் ரென்சலேர் என்னும் மாது, குடியானவர்களின் மனைவியருக்கென வாசிப்புப் பாடங்களை ஆரம்பித்தார். 1901-ல் வெளிவந்த முதல் பிரசுரம், வீட்டு வேலையில் வீணாக நடக்கும் நடையைக் குறைப்பதைப் பற்றியது. நிலத்தில் விளைந்ததை வீட்டில் வீணாக்காமல் காப்பதும் விவசாயத்தின் ஒரு பாகமே என்ற கொள்கை அங்ஙனம் வேரூன்றியது.

பழத்தைப் பிரித்தெடுத்தல்

இவ்வேலையில் மிகவும் முக்கியமானது இதுவேயாகும். ஆலங்கட்டித் தழும்பு, உறைபனி வளையம், கிளை உராய்ந்த வடு, சிறிய உருவம், வெளிறிய நிறம் ஆகிய இவை தோலின் குற்றங்கள். இப்பழங்களைத் தாராளமாக உபயோகிக்கலாம். அன்று அடிபட்டுக் கன்றிய பழத்தை, கன்றிய பாகத்தை வெட்டிவிட்டு அன்றே உபயோகித்தல் வேண்டும். ஆனால் பூசணம் பூத்ததும் அழுகியதுமான பழத்தை முழுவதும் தள்ளிவிட வேண்டும். சிலவகைப் பூசணங்கள் பாட்டுலின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. வேகவைப்பதால் அந்நஞ்சு முற்றும் அழிவதில்லை. அழுகலை மட்டும் செதுக்கிவிட்டு எஞ்சியதை உபயோகிப்பது சிக்கனமன்று, அபாயமாகும். தரையில் விழுந்துகிடந்த பழத்தில் கால்நடைச் சாணத்தின் கிருமிகள் பற்றியிருக்கக்கூடும். ஆகையால் அதைப் பச்சையாய்த் தின்பதும், காய்ச்சாமல் சாறு பிழிந்து குடிப்பதும் தகா.

சாதி அறிந்து எடுத்தல்

ஆப்பிளின் எடையில் நூற்றுக்கு 85 பங்கு நீரே. வேகும்போது இந்நீரை விடும் அளவில் சாதிக்குச் சாதி வித்தியாசம் உண்டு. மெக்கின்டாஷ் என்னும் சாதி வாசனை மிக்கது; ஆனால் வெந்தவுடன் குழைந்துவிடும். அதனோடு பென் டேவிஸ் சாதியைக் கலந்து ஜெனீவா நகரின் ஆராய்ச்சிப் பண்ணையில் உண்டாக்கப்பட்ட கார்ட்லண்ட், நறுக்கி வைத்தாலும் விரைவில் கறுப்பதில்லை. நார்தர்ன் ஸ்பை, ரோம் பியூட்டி ஆகியவை வெந்த பின்னும் துண்டு துண்டாய் நிற்கும்.

இவற்றுள் நார்தர்ன் ஸ்பை கிழக்கு புளூம்ஃபீல்டு என்னும் ஊரில் விதையிலிருந்து முளைத்தது. முதல் மரம் காய்க்கும் முன்னரே பட்டுப்போக, அதன் அடியில் தோன்றிய கன்றுகளை எடுத்து நட்டுக் காப்பாற்றினார்கள். பஞ்சு அசுவினியை அதன் வேர் எதிர்த்து நிற்பதால், பிற்காலத்தில் இங்கிலாந்தில் அவ்வசுவினிக்கு இடங்கொடாத அடிச்செடிகளை உண்டாக்க அதுவே தாயாக உதவியது.

புளிப்பும் உறுதியும் உடைய பழமே மஃபினுக்கு ஏற்றது. இனிப்பு மட்டும் உள்ள பழமானால் ஒரு கரண்டி எலுமிச்சம்பழச் சாறு சேர்க்கலாம்.

வேண்டிய பொருள்கள் (12 மஃபினுக்கு)

மாவுக்கு: மைதா மாவு 250 கிராம், நாட்டுச் சர்க்கரை 130 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, லவங்கப்பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, கோழிமுட்டை 2, கெட்டியான புளித்த மோர் 180 மில்லிலிட்டர், உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 85 கிராம், தோல் சீவிக் கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கிய ஆப்பிள் 250 கிராம், அதாவது நடுத்தரப் பழம் இரண்டு.

தூவலுக்கு: மைதா மாவு 60 கிராம், நாட்டுச் சர்க்கரை 65 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், லவங்கப்பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை

முதலில் தூவலைச் செய்துகொள்ள வேண்டும். மாவு, சர்க்கரை, உப்பு, பட்டைத்தூள் ஆகியவற்றைக் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி இட்டு, விரல் நுனிகளால் தேய்த்து உதிர்க்க வேண்டும். சிறிது மணல் போலவும், சிறிது பட்டாணி அளவுக் கட்டியாகவும் இருப்பதே பதம். உள்ளங்கையால் பிசைந்தால் கைச்சூட்டில் வெண்ணெய் உருகித் தூவல் களியாகிவிடும். உஷ்ணமான இடங்களில் இதைக் கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைப்பது நலம்.

ஓவன் அடுப்பை 190 சென்டிகிரேட் டிகிரிக்குச் சூடேற்றி, குழித்தட்டில் வெண்ணெய் தடவி வைக்க வேண்டும். மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, பட்டைத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துச் சலிக்க வேண்டும். வேறொரு பாத்திரத்தில் முட்டை, சர்க்கரை, மோர், உருக்கிய வெண்ணெய் ஆகியவற்றை நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். பின் ஈரக் கலவையை மாவில் ஊற்றி, உலர்மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறையும் அளவே, பத்துப் பன்னிரண்டு முறை கிளறினால் போதும். சிறு கட்டிகள் இருந்தால் குற்றமில்லை. அதிகமாகக் கிளறினால் கோதுமையின் பசைச்சத்து இழுவை பெற்று, மஃபின் ரப்பர் போலாகும்.

ஆப்பிள் துண்டுகளில் ஒரு கரண்டி உலர்மாவைப் பிசறிக் கடைசியில் சேர்க்க வேண்டும். துண்டுகளைச் சர்க்கரையோடு முன்கூட்டியே கலந்து வைத்தல் கூடாது; சர்க்கரை பழத்தின் நீரை இழுத்து மாவை நீர்க்கச் செய்யும். குழிகளில் முக்கால் பாகம் வரை மாவை இட்டு, மேலே தூவலைப் பரப்பி மெதுவாய் அமர்த்தி, உடனே அடுப்பில் வைத்தல் வேண்டும். மோரின் புளிப்பு பட்டவுடனே சோடா வாயுவை விடத் தொடங்குவதால், தாமதித்தால் உப்பும் சக்தி குறையும். 20 முதல் 25 நிமிஷத்தில் வெந்துவிடும். நடுவில் குத்திய குச்சியில் மாவு ஒட்டாமல் வந்தால் எடுக்கலாம். ஐந்து நிமிஷம் தட்டிலேயே விட்டு, பின் கம்பித்தட்டில் ஆற்ற வேண்டும். தட்டிலேயே நெடுநேரம் கிடந்தால் ஆவி தங்கி அடிப்பாகம் ஈரமாகிவிடும்.

குற்றங்களும் காரணங்களும்

1. பழத்துண்டுகள் அடியில் தங்குதல்: துண்டு பெரிதாதல், அல்லது மாவு நீர்த்திருத்தல்.

2. தூவல் மாவில் அமிழ்தல்: மாவு நீர்த்திருத்தல், அல்லது தூவலில் வெண்ணெய் மிகுதல்.

3. உட்புறம் களியாயிருத்தல்: குழையும் சாதிப் பழம், அல்லது அளவுக்கு மிஞ்சிய பழம்.

4. நடுவில் குழிதல்: சோடாவோ பேக்கிங் பவுடரோ மிகுதல், அல்லது வேகுமுன் அடுப்பைத் திறத்தல்.

5. மறுநாள் தூவல் நமர்த்துப்போதல்: பழத்தின் ஈரம் மேலேறுவதால் இது இயல்பு. ஐந்து நிமிஷம் அடுப்பில் காய்ச்சினால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

மலைப் பிரதேசத்தார் கவனிக்க வேண்டியவை

தமிழ் நாட்டில் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பார்லின்ஸ் பியூட்டி, ரோம் பியூட்டி முதலிய ஆப்பிள் சாதிகள் பயிராகின்றன. ஆயின், அங்ஙனம் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மேற்கண்ட அளவுகளை அப்படியே கையாளுதல் தகாது. உயர்ந்த இடத்தில் காற்றின் அழுத்தம் குறைவாதலால், வாயு அதிகமாய் விரிந்து, மஃபின் விரைந்து உப்பிப் பின் அமுங்கிவிடும். பேக்கிங் பவுடரையும் சோடாவையும் கால் பாகம் குறைத்து, மோரை இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூட்டி, அடுப்பின் சூட்டைப் பத்து டிகிரி அளவு உயர்த்துதல் வேண்டும். கொடைக்கானலில் விளையும் பேரிக்காயையும் இம்முறையிலேயே உபயோகிக்கலாம். ஆனால் நன்றாய்க் கனிந்தது நீரை மிகுதியாய் விடுமாதலால், சற்றுக் கெட்டியானதையே எடுக்க வேண்டும்.

வரவு செலவு

ஒரு தட்டு மஃபினுக்கு இரண்டு பழமே செல்லும். ஆகையால் கூடை கூடையாய்க் கிடக்கும் கழிவுப் பழத்தை மஃபினால் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவது பிழை. பெருந்தொகையான பழத்திற்குச் சாறு, வினிகர், கூழ், உலர்துண்டு என்பனவே வழி. மஃபினின் ஆதாயம் வேறு வகையானது. நியூயார்க்கில் பல தோட்டக்காரர்கள், பழம் பறிக்க வரும் ஜனங்களுக்குத் தோட்டவாயிலிலேயே பலகாரமும் விற்கிறார்கள். அங்கே வாங்குபவர் பழத்தின் தோலைப் பார்ப்பதில்லை, ருசியையே பார்க்கிறார். தழும்பினால் இழந்த விலை இவ்வாறு ஓரளவு திரும்புகிறது. ஆனால் வெண்ணெய், முட்டை, சர்க்கரை, எரிபொருள், கூலி ஆகியவற்றின் செலவைத் தனியே எழுதிக் கணக்குப் பார்க்க வேண்டும். பழம் வீட்டினது என்பதற்காக மற்றச் செலவுகளை மறந்துவிட்டால், லாபமென்று கருதியது நஷ்டமாய் முடியும்.

எனவே, மலைத் தாலுகாக்களிலுள்ள தோட்டக்காரர்கள் அறுவடையன்றே பழத்தை முதல்தரம், தழும்புள்ளது, அழுகியது என மூன்றாகப் பிரிக்கும் வழக்கத்தைக் கைக்கொள்வது நன்று. முதலாவது சந்தைக்கும், இரண்டாவது சமையலறைக்கும், மூன்றாவது எருக்குழிக்கும் உரியன. கிராம உத்தியோகஸ்தர்கள் மாதர் சங்கங்களின் மூலமாக இப்பிரிவினையைப் பழம் வைத்தே செய்து காட்டினால், அது பிரசங்கத்தைக் காட்டிலும் அதிகப் பயன் தரும். தோலில் விழுந்த தழும்பு பழத்தின் விலையைக் குறைக்கலாம். அறிந்து உபயோகிப்பவரின் கையில் அதன் குணம் குறைவதில்லை.