மைதானத்தைத் தாண்டிய இணையம்

திருச்சுழி வட்டாரத்தில் உள்ள எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறை வரைதான் இணையம். மைதானத்துக்கு அந்தப் பக்கம், 80 மீட்டர் தள்ளி, ஆறு, ஏழாம் வகுப்புக் கட்டடம். அங்கே வை-ஃபை எட்டாது. காணொலி காட்ட வேண்டுமென்றால் என் கைபேசி டேட்டாதான். பாதியில் வட்டம் சுற்றும். பிள்ளைகள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கம்பி இழுக்கலாமே என்றார்கள் சக ஆசிரியர்கள். செப்புக் கம்பியில் இணையம் செல்ல எல்லை 100 மீட்டர். சுவரோரம் வளைத்து இழுத்தால் அதைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு ஐப்பசி இடி வேறு. அருகில் மின்னல் இறங்கினால் கம்பி வழியே பாய்ந்து இரு பக்கக் கருவிகளையும் எரித்துவிடும். ஆகவே கம்பியில்லாப் பாலம் என்று முடிவுசெய்தேன்.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி ஆய்வாளர்களின் துணையோடு, கிராமப் பார்வை மையங்களைப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வை-ஃபையால் இணைத்தது நினைவுக்கு வந்தது. நமக்கு வேண்டியது 80 மீட்டர்தானே! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் பயன்படுத்த 2005 முதல் உரிமமும் தேவையில்லை.

முதலில் வீட்டில் சோதித்தேன். பரணில் ஒரு பழைய ரவுட்டர் கிடந்தது. அதன் அமைப்புப் பக்கத்தில் ‘டபிள்யூ.டி.எஸ்.’ என்ற பால வசதி இருந்தது. எல்லா ரவுட்டரிலும் இது இருக்காது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். இணைந்தது. ஆனால் வீட்டிலிருந்த எல்லாக் கைபேசிகளிலும் இணையம் போய்விட்டது!

தவறு என்னுடையதே. இரண்டு ரவுட்டர்களுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. இரண்டுமே கருவிகளுக்கு எண் வழங்கிக்கொண்டிருந்தன. ஒரே வகுப்புக்கு இரு ஆசிரியர்கள் தனித்தனியே வருகை எண் கொடுத்தால் எப்படி இருக்கும்? இரண்டாவது ரவுட்டரை மட்டும் மடிக்கணினியுடன் கம்பியில் இணைத்து, முகவரியை 192.168.1.2 என மாற்றி, எண் வழங்கும் ‘டி.எச்.சி.பி.’யை அணைத்தேன். முதல் ரவுட்டரின் சேனலைத் ‘தானியங்கி’யிலிருந்து 6-க்கு மாற்றினேன். அது தானாகச் சேனல் மாற்றினால் பாலம் அறுந்துவிடும்.

பிறகு தலைமையாசிரியரின் அனுமதியோடு பள்ளியில் அமைத்தோம். சன்னலுக்குச் சன்னல் நன்றாகத் தெரிந்தும் சிக்னல் மிகவும் பலவீனம். பத்தாம் வகுப்பு மாணவர்களிடமே கேள்வியை வைத்தேன். நொடிக்கு 30 கோடி மீட்டர் வேகத்தை 240 கோடி அதிர்வெண்ணால் வகுத்தார்கள்: அலைநீளம் 0.125 மீட்டர். அதைத் தூரமான 80-ஆல் பெருக்கினால் 10. அதன் வர்க்கமூலத்தில் பாதி, ஏறத்தாழ 1.6 மீட்டர். பாதையின் நடுவில், நேர்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இவ்வளவு இடம் வெறுமையாக இருக்க வேண்டும். “சார், நம்ம ரவுட்டர் மேசை மேலதானே இருக்கு? அப்ப தரையே மறைக்குதே!” என்றாள் ஒரு மாணவி. நான் அதுவரை மைதான ஓரத்துச் சீமைக்கருவேலத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டையும் இரண்டரை மீட்டர் உயரத்தில் மரப்பலகை அடித்து வைத்தோம். கருவேலக் கிளை குறுக்கிடாதபடி ஒரு சன்னல் தள்ளி. சிக்னல் நிலைத்தது. அந்தப் பக்க ரவுட்டரிலிருந்து வகுப்புக் கணினிக்குக் கம்பியில் கொடுத்தோம். அங்கும் வை-ஃபையாகப் பரப்பினால் ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும்.

மொத்தச் செலவு பலகைக்கும் ஆணிக்கும்தான். பழைய ரவுட்டர் கிடைக்காதவர்களுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும்.

ஒருமுறை பழுது பார்க்க வந்தவர் முதல் ரவுட்டரை மீட்டமைத்தார். சேனல் மறுபடி ‘தானியங்கி’ ஆனது. இரண்டு நாள் பாலம் இல்லை. இப்போது முகவரி, சேனல் எண், எதை அணைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அலுவலகப் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறேன். எனக்கு மாறுதல் வந்தாலும் அந்தத் தாள் அங்கேயே இருக்கும்.