வெயிலுக்கு முன் இரண்டு நாள்: வீட்டுப் பராமரிப்பில் ஒரு கணக்குப் பாடம்

பெரும்பாலான குடும்பங்களின் மிகப்பெரிய சொத்து அவர்கள் குடியிருக்கும் வீடே ஆகும். வைப்புத்தொகை முதிரும் நாளைக் குறித்து வைக்கிறோம்; காப்பீட்டுத் தவணையைத் தவறாமல் செலுத்துகிறோம். வீட்டை மட்டும், கூரை ஒழுகும் வரை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வருமான வரி விதிகள், தொழில் கணக்கில் இடம்பெறும் குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு தேய்மானம் வகுத்துள்ளன. நாம் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு அந்தக் கழிவைக் கோர இயலாது. ஆனால் தேய்மானம் அங்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் வேகத்தைக் குறைக்கும் வழியே பராமரிப்பு.

இப்பணிக்கு உகந்த பருவம் வசந்த காலம். பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் வட இந்தியச் சமவெளியில் குளிர் விலகியிருக்கும்; தென்னகத்தில் கடும் வெயில் தொடங்கியிராது. சுவர்கள் உலர்ந்திருப்பதால் ஈரக்கசிவின் தடங்கள் தெளிவாகத் தெரியும். பூச்சு வேலைக்கும் நீர்த்தடுப்புப் பூச்சுக்கும் உலர்ந்த பரப்பு தேவை. மழை தொடங்கியபின் வேலையாள் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் சுவர் காயாது. நாடெங்கும் வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் 2015 செப்டம்பர் முதல் விடுமுறை நாட்களாக உள்ளன. அத்தகைய ஒரு சனியும் ஞாயிறும் இந்தப் பாடத்துக்குப் போதும்.

வரிசையே முதற்பாடம்

வெள்ளிக்கிழமை மாலை, ஒரு குறிப்பேட்டுடன் வீட்டை மொட்டை மாடியிலிருந்து வாயிற்கதவு வரை சுற்றிப் பாருங்கள். கண்ணில் படும் குறைகளைப் பாதுகாப்பு, நீர், தோற்றம் என மூன்று பத்திகளில் எழுதுங்கள். பணத்தையும் நேரத்தையும் அதே வரிசையில் ஒதுக்குங்கள்.

நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். ஈரம் படிந்த சுவருக்கு முதலில் வண்ணம் பூசுகின்றனர். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற முயலும்போது அந்த வண்ணம் ஓராண்டுக்குள் பொரிந்து உதிர்கிறது. கசிவை நிறுத்தி, சுவரை உலரவிட்டு, அதன்பின் பூசினால் ஒரே செலவோடு முடியும்.

சனிக்கிழமை காலை: நீரின் வழி

கட்டடத்தின் முதல் எதிரி நீர். கான்கிரீட்டின் நுண்ணிய வெடிப்பு வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, மூல இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழுவது இவ்வாறுதான். வெடிப்பாக இருக்கும்போது சில நூறு ரூபாயில் முடியும் வேலை, கம்பி துருப்பிடித்தபின் பல்லாயிரம் ரூபாயாகிறது. கீழே நிற்பவரின் உயிருக்கும் அது ஆபத்து.

ஆகவே முதலில் மாடிக்குச் செல்லுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் சேரும். அவ்வளவும் இரண்டு மூன்று வடிகுழாய்கள் வழியேதான் இறங்க வேண்டும். உலர்ந்த இலைகளையும் மண்ணையும் அகற்றி, ஒரு வாளி நீரை ஊற்றி, அது தேங்காமல் வடிகிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரின் விரிசலில் அரச மரக் கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால், மேலே கிள்ளி எறிவதில் பயனில்லை. வேரோடு நீக்கி விரிசலை அடைக்க வேண்டும். தளத்தின் சிறு வெடிப்புகளைத் தூய்மை செய்து நிரப்புங்கள். மாடி ஏற்கெனவே நன்றாக இருப்பின், வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு அடிப்பது கோடைக்கு நல்லது. அகமதாபாத் நகரின் வெப்பத் தடுப்புத் திட்டமும், 2023-இல் தெலங்கானா அறிவித்த குளிர்கூரைக் கொள்கையும் இம்முறையையே ஊக்குவிக்கின்றன.

அடுத்து மேல்நிலைத் தொட்டி. அதைக் கழுவி, மிதவை வால்வு சரியாக மூடுகிறதா, மூடி இறுக்கமாக உள்ளதா எனச் சோதியுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களே ஆகும். அதன் முட்டைகள் உலர்ந்த பாத்திரத்தின் சுவரில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பூந்தொட்டித் தட்டு, குளிர்விப்பான் தொட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

பின்னர் குழாய்கள். சொட்டும் குழாயின் கீழ் 200 மில்லி டம்ளர் ஒன்றை வையுங்கள். அது பத்து நிமிடத்தில் நிரம்பினால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 லிட்டரும், ஆண்டுக்குச் சுமார் 10,500 லிட்டரும் வீணாகின்றன. ஒரு பெரிய தண்ணீர் லாரியின் அளவு அது. பெரும்பாலும் இதற்குத் தேவைப்படுவது சில ரூபாய் மதிப்புள்ள வாசர் ஒன்றே.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர், மாடியும் வெளிச்சுவரும் சங்கத்தின் பொறுப்பு என்பதை நினைவில் கொள்க. கண்ட குறையைப் படத்துடன் எழுத்து மூலம் மார்ச்சிலேயே தெரிவித்தால், மழைக்கு முன் தீர்மானமாக வாய்ப்புண்டு.

சனிக்கிழமை பிற்பகல்: மின்சாரம்

மின்பெட்டியில் உள்ள ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுமின் தடுப்பானில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இணைப்பு உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லையெனில், மின்கசிவு நேரும்போதும் அது செயற்படாது என்று கொண்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர் வகை. இத்தடுப்பானே இல்லாத வீட்டில், எந்த அலங்காரச் செலவுக்கும் முன்னதாக இதற்கே பணம் ஒதுக்க வேண்டும்.

குளிர்சாதன இயந்திரத்தின் வடிகட்டியைக் கழுவுவதும், மின்விசிறி இறக்கைகளைத் துடைப்பதும் அரைமணி நேர வேலை. துடைக்கும் முன் மின் இணைப்பை நிறுத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: தோட்டம்

ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் செடிகளிடம் செல்லலாம். வெண்டை, சுரை, பாகல், பூசணி ஆகியவை இப்பருவத்தில் விதைக்கத் தக்கவை. வெண்டை விதையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து விதைத்தால் விரைவில் முளைக்கும்; ஏறத்தாழ 45 முதல் 50 நாட்களில் முதற்பறிப்புக்கு வரும். கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் அறுக்கலாம். முதன்முறை முயல்வோர் ஐந்தாறு பைகளோடு தொடங்குவது நலம். நாள்தோறும் நீரூற்ற இயலும் அளவே தோட்டத்தின் சரியான அளவு.

பழைய தொட்டிகளின் மண்ணைக் கிளறி, மண்புழு உரமோ மக்கிய சாணமோ கலக்குங்கள். மண், மக்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால், நீரைப் பிடித்து வைக்கும் இலகுவான கலவை கிடைக்கும். உலர்ந்த இலைகளை எரிக்காமல் மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கப்படும். அசுவினி, மாவுப்பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

மாடித் தோட்டத்தில் ஓர் எச்சரிக்கை. ஈரமண் நிறைந்த 20 லிட்டர் பை 25 கிலோவுக்கும் மேல் எடையிருக்கும். பைகளை மாடியின் நடுவே குவிக்காமல், சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் பரப்பி வையுங்கள். தளத்தில் நேரடியாக வைக்காமல் தாங்கிகளின் மேல் வைத்தால், அடியில் ஈரம் தேங்காது.

ஞாயிறு மாலை: ஏட்டில் எழுதுதல்

வேலை முடிந்ததும் குறிப்பேட்டை எடுங்கள். கணக்கியல் செலவுகளை இரண்டாகப் பிரிக்கும். இருக்கும் பயனைத் தக்கவைப்பது வருவாயினச் செலவு: வாசர் மாற்றுதல், வெடிப்பு அடைத்தல், வண்ணம் பூசுதல். நிலைத்த புதிய பயனைச் சேர்ப்பது மூலதனச் செலவு: கூடுதல் அறை கட்டுதல், ஆழ்துளைக் கிணறு அமைத்தல். வீட்டைப் பின்னாளில் விற்கும்போது, மூலதன மேம்பாட்டுச் செலவை மூலதன ஆதாயக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வழக்கமான பழுதுபார்ப்பைக் கழிக்க இயலாது. எனவே மேம்பாட்டுப் பணிகளின் ரசீதுகளையும், வங்கி வழிப் பணம் செலுத்திய சான்றுகளையும் வீட்டுப் பத்திரத்துடன் சேர்த்து வையுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போருக்கு நிகர ஆண்டு மதிப்பில் 30 விழுக்காடு நிலையான கழிவு உண்டு; உண்மையில் எவ்வளவு செலவழித்தாலும் கழிவு அதே அளவுதான். தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ கடன் பெற்றவர்கள், பழைய வரிமுறையைத் தேர்ந்திருந்தால், அதன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். புதிய வரிமுறையில் இக்கழிவு இல்லை.

எனினும் சிறு பராமரிப்புக்குக் கடன் தேவைப்படாத நிலையே சிறந்தது. நிலத்தின் விலையை நீக்கிவிட்டு, கட்டடத்தை இன்று கட்டினால் ஆகும் செலவில் 1 விழுக்காட்டை ஆண்டுதோறும் ஒதுக்குவது ஓர் எளிய அளவுகோல். அச்செலவு 30 லட்சம் ரூபாய் எனில், ஒதுக்கீடு ஆண்டுக்கு 30,000. அதாவது மாதம் 2,500. இதைத் தனியொரு தொடர் வைப்பில் செலுத்திவந்தால், அடுத்த மார்ச்சில் கையில் பணம் இருக்கும்.

காப்பீடு இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் பாரத் கிருஹ ரக்ஷா போன்ற வீட்டுக் காப்பீடுகள் தீ, புயல், வெள்ளம் போன்ற திடீர் இழப்புகளுக்கு உரியவை. மெல்ல மெல்ல நேரும் தேய்வுக்கும் பராமரிப்புக் குறைவால் வரும் சேதத்துக்கும் அவற்றில் ஈடு கிடைக்காது. அந்தப் பகுதிக்கு வீட்டின் உரிமையாளரே காப்பீட்டாளர்.

நினைவில் கொள்ள

1. வரிசை: பாதுகாப்பு, நீர், தோற்றம்.
2. வடிகுழாய், தொட்டி, குழாய், வெடிப்பு ஆகியவற்றை மழைக்கு முன் முடித்தல்.
3. ஆர்.சி.சி.பி. பொத்தானை அழுத்திச் சோதித்தல்.
4. நீரூற்ற இயலும் அளவுக்கே தோட்டம்.
5. பழுதுபார்ப்புக்கும் மேம்பாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு. மேம்பாட்டு ரசீதுகள் பத்திரத்துடன்.
6. பராமரிப்புக்கென மாதந்தோறும் ஒரு தொடர் வைப்பு.

வரும் விடுமுறைச் சனியை நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள்.