கணிப்பொறிக்குக் கூட்டல் தெரியாதா?

பைத்தான் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 0.30000000000000004 என்று விடை வரும்! உங்கள் நிரலில் தவறு தேட வேண்டாம். 1/3-ஐத் தசமத்தில் எழுதினால் 0.333... என்று நீண்டுகொண்டே போகிறதல்லவா? இரும எண் முறையில் 1/10-ம் அப்படித்தான். முடிவில்லாததைக் கணிப்பொறி ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும்.

இது அற்பப் பிழையன்று. 1991-ல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைக் கருவி, பத்தில் ஒரு வினாடியாக எண்ணிய நேரத்தை 0.1-ஆல் பெருக்கி வினாடியாக்கியது. அந்த 0.1-ம் வெட்டப்பட்ட எண்ணே. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் சுமார் 0.34 வினாடி பிசகியது. வந்த ஸ்கட் ஏவுகணை தப்பியது. 28 வீரர்கள் மாண்டனர்.

பணக் கணக்கா? ரூபாயைப் பைசாவாக்கி, முழு எண்ணாகவே கூட்டுங்கள். மற்றக் கணக்குகளில் ‘சமமா?’ என்று கேளாமல், ‘வேறுபாடு 0.000001-க்குக் குறைவா?’ என்று கேளுங்கள்.