பொன்னுக்கு வீங்கி: ரத்தப் பரிசோதனை எப்போது?

காதுக்குக் கீழே தாடை வீங்கி, மெல்லும்போது வலித்தால் பெரும்பாலும் மருத்துவர் பார்த்தே பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால்தான் ரத்தத்தில் ஐ.ஜி.எம். பரிசோதனை. தற்போதைய தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் அது.

இதில் நாள் கணக்கு மிக முக்கியம். வீக்கம் கண்ட முதல் மூன்று நாட்களுக்குள் ரத்தம் கொடுத்தால், நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். அந்த முடிவை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். சில நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். எம்.எம்.ஆர். தடுப்பூசி போட்டவர்களுக்கு ஐ.ஜி.எம். கடைசிவரை தெரியாமலே போவதும் உண்டு. எப்போது தடுப்பூசி போட்டீர்கள், வீக்கம் என்று தொடங்கியது, இரண்டையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப்போவது நல்லது.

முதல் மூன்று நாட்களில் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கும் பி.சி.ஆர். பரிசோதனையே மேல்.

ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருள் மட்டும் 'பாசிட்டிவ்' என்றால் பயம் வேண்டாம். பழைய தொற்றாகவோ தடுப்பூசியின் பலனாகவோ இருக்கலாம்.

முடிவு வரும்வரை காத்திருக்காமல், வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள் பிள்ளையை வீட்டிலேயே வையுங்கள். தம்ளர், தட்டு தனியாக இருக்கட்டும். விரைவீக்கம், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, காது மந்தம், விடாத வயிற்றுவலி, வாந்தி இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.